காக்கிச் சட்டையைக் கழற்றிய பின்

அப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. முதல் திதிக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "அக்கா, நல்லதா நாலு வார்த்தை எழுது. மலர்ல சண்டை இழுக்காத" என்றான். அம்மாவும் அதையேதான் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை பேச இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அப்பாவின் பணிநிறைவு விழாவில் மைக்கைப் பிடித்தவர்கள் விடவே இல்லையே. நான் எழுதப்போவது வேறு. உறைக்க வேண்டியவர்களுக்கு உறைக்கட்டும். உறைக்காதவர்கள் பாயசம் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள்.

அப்பா பிறந்தது திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, இதே ஊரில், இதே தெருவில். எட்டு வயதில் தகப்பனை இழந்தார். அப்போது சித்தப்பாவுக்கு நாலு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குப் போனார். பிறகு அரசாங்கத்தில் லஸ்கர் வேலை கிடைத்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயல்களுக்கும் தண்ணீர் பிரித்துவிடும் மதகுகளைத் திறந்து மூடுகிறவர்தான் லஸ்கர். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் முப்பத்தெட்டு வருடம் அவர் பின்னால் நடந்தவர்கள்.

அந்தச் சம்பளத்தில்தான் சித்தப்பா கும்பகோணத்தில் காலேஜ் படித்தார். பாகம் பிரிக்கும்போது மேட்டு நிலத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, வாய்க்காலை ஒட்டிய பங்கைத் தம்பிக்கு விட்டார் அப்பா. "அவன் சுகவாசி பாப்பா, மேட்டு நெலத்துக்குத் தண்ணி எறைக்க மாட்டான்" என்பார். ஆனால் முறைத் தண்ணீர் விடுவதில் தம்பி, தாயாதி என்ற பேச்சே கிடையாது. நாலு நாளுக்கு ஒரு முறை என்றால் கடைமடைக்கும் நாலு நாளுக்கு ஒரு முறைதான். வாய்க்கால் முடிகிற கடைசி வயலில் கால் நனைந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சோறு தின்பார்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அலாரம் வைக்காமலே நாலரைக்கு எழுந்துகொள்கிற மனிதருக்குக் கடிகாரம்! விவசாயிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் சித்தப்பா பேசினார். "எங்க அண்ணன் இல்லேன்னா இந்த வாய்க்கால்ல தண்ணி இல்ல" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நானும் அழுதேன். எனக்கு அறிவில்லை.

மறுநாள் அப்பா நாலரைக்கு எழுந்தார். குளித்தார். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர், நின்றார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இப்படி ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்படியில் நிற்பார்களாம். பிறகு வீட்டிலேயே டூட்டியை ஆரம்பித்துவிட்டார். கொல்லைக் குழாய்த் தண்ணீருக்கு முறை வந்தது. தென்னங்கன்றுக்கு ஒரு நாள், வாழைக்கு ஒரு நாள். திருவிடைமருதூரில் இருக்கும் எனக்கு அம்மா போன் போட்டு, "என் வெண்டைக்காய்க்கு நாளான்னைக்குத்தான் முறையாம்டி! உங்கப்பாவை வந்து என்னன்னு கேளு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பேருமே சிரிப்பைச் சீக்கிரம் நிறுத்திக்கொண்டோம்.

ஆனி மாதம் மேட்டூர்த் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் நம் ஊர் மதகுக்கு வரும்போது பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுவதும், மதகைத் திறக்கிற லஸ்கருக்கு முதல் துண்டு போடுவதும் வழக்கம். அந்த வருடம் துண்டு புது லஸ்கருக்கு. அது நியாயம்தான். அவர் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர், நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவும் அம்மாவிடம் பூ கட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தார். முப்பத்தெட்டு வருடம் நின்ற இடத்தில் கால் தானாகப் போய் நின்றது. சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோ எடுக்கறாங்க."

அப்பா தள்ளி நின்றார். கையிலிருந்த பூவைத் தண்ணீரில் போடவும் மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆவணியில் தண்ணீர் சுருங்கியது. கடைமடையில் குத்தகைக்கு நடுகிற செல்வி, குறுவை கருகுகிறதென்று பழக்க தோஷத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த வாரம் கடைமடைக்கு வர வேண்டிய முறையைச் சங்கத்தில் பேசி மேல் வயல்களிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். "ஐயா, கதிர் வர்ற நேரம். நீங்கதான் சொல்லணும்" என்றார். அப்பாவும் பழக்க தோஷத்தில் கிளம்பிவிட்டார். மதகில் நின்ற புது லஸ்கரும், "ஐயா, நீங்களே தொறங்க" என்று ஷட்டரைத் திருகும் இரும்புச் சாவியை மரியாதையாக நீட்டிவிட்டார். அப்பா இரண்டு சுற்றுத் திருகினார். இரண்டே சுற்று. செல்வியின் பயிர் பிழைத்தது.

மூன்றாம் நாள், ஓய்வு பெற்றவர் அரசாங்க மதகில் அத்துமீறிக் கைவைத்தார் என்று மனு போனது. மனுவில் முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது. ஆபீசுக்கு அழைத்து, "இனி எந்த மதகிலும் கை வைக்க மாட்டேன்" என்று அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள். சர்வீசில் ஒரு மெமோ வாங்காத மனிதர். சாட்சிக் கையெழுத்தும் சித்தப்பாதான். அண்ணன் காலேஜுக்கு அனுப்பிக் கற்றுக்கொடுத்த கையெழுத்து!

அதற்குப் பிறகு அப்பா தெருவில் இறங்கவில்லை. முகச்சவரம் செய்யவில்லை. கொல்லைக் குழாயையும் விட்டுவிட்டார். தென்னங்கன்று வாடினாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். "மனுசன் சாப்பிடறதே எனக்காகத்தான்டி" என்று அம்மா சொன்னார்கள். சித்தப்பா, உங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று இருந்தது. அப்பா முகத்துக்காகச் செய்யவில்லை. காலம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

கார்த்திகையில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நான் வந்து தங்கியிருந்தேன். நாலு நாள் அடைமழை. வயல் தண்ணீரெல்லாம் வடிகால் வழியாக ஆற்றுக்குப் போகும் இடத்தில் ஒரு பழைய மதகு இருக்கிறது. ஆறு ஏறினால் அதை மூட வேண்டும், ஆறு இறங்கியதும் தூக்க வேண்டும். தூக்கத் தவறினால் பயிர் மூழ்கும். அன்று காலை ஆறு இறங்கிவிட்டது, ஷட்டர் எழும்பவில்லை. நாலு பேர் சேர்ந்து திருகியும் அசையவில்லை. வடிகால் ஓரத்தில்தான் சித்தப்பா புதிதாக வாங்கிய நிலம் இருந்தது.

குடையோடு வந்து வாசலில் நின்றார். "அண்ணன் இருக்காரா பாப்பா? ஷட்டர் இறுகிக்கிச்சு. அவருக்குத்தான் அதோட சூட்சுமம் தெரியும். ஒரு எட்டு வரச் சொல்லு."

எத்தனை மாதமாக நாக்கில் வைத்திருந்தேனோ, அத்தனையும் கொட்டினேன். "அவரு ரிடையர் ஆயிட்டாரு சித்தப்பா. மதகுல கை வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நீங்கதானே சாட்சி? தள்ளி நில்லுங்க, சாரல் அடிக்குது, கதவைச் சாத்தணும்."

அவர் முகம் செத்துப்போனது. ஆகா, அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. மறைக்க மாட்டேன்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா நின்றிருந்தார். மூன்று மாதத் தாடியோடு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தோளில் துண்டு. "கீழ ஒரு சுத்து எறக்கணும் பாப்பா, அப்புறம்தான் தூக்கணும்னு அவன்ட்ட சொல்லு. இல்ல, நானே..." என்று செருப்பைத் தேடினார்.

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். "நீங்க எங்கயும் போகக் கூடாது. உங்களுக்கு மானம் இல்லையா?" என்றேன். அப்பாவைப் பார்த்து நான் கேட்ட கேள்வி இது.

"ஏம்மா" என்றார். கையிலெடுத்த செருப்பைக் கீழே விட்டார். பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் காலடியில் வைத்தார். அதன் பிறகு அந்தச் சட்டையை அவர் தொடவில்லை.

ஆபீசிலிருந்து ஆள் வந்து ஷட்டரை அறுத்து எடுக்க மூன்று நாள் ஆனது. சித்தப்பாவின் பயிர் அழுகியது. செய்தி வந்த அன்று நான் கேசரி கிண்டினேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்ட அம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. அப்பா ஒரு வாய்கூடத் தொடவில்லை.

மறு வாரம் செல்வி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, "எல்லாம் போச்சுங்கய்யா. நாத்து, நடவுக்கூலி, எல்லாம் போச்சு. நீங்க வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? உங்களையும் குத்தம் சொல்ல முடியாது, உங்களை அப்படிப் பண்ணிட்டாங்க" என்று அழுதார். கடைமடை என்றால் பள்ளம், பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் நிற்கும். லஸ்கர் மகளுக்கு இது தெரியாதா? தெரியும். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் நினைவு வரவில்லை.

தாழ்ப்பாள் போட்டது மகள்தான் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான்தாம்மா வரல" என்று செல்வியிடம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

மாசியில் நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குளுக்கோஸ் ஏறும்போது நர்ஸிடம், "வேகமா போகுதும்மா, அரைச் சுத்துக் கொறைங்க" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குறைத்தது. எனக்குத் தெரிந்து அவர் கடைசியாகத் தண்ணீர் பிரித்தது அதுதான். ஐந்தாம் நாள் விடியலில், அவர் எழுந்துகொள்ளும் அதே நாலரைக்கு, போய்விட்டார்.

இனி நன்றி. ராப்பகலாகப் பக்கத்திலிருந்து பார்த்த நர்ஸ் பெண்ணுக்கு நன்றி. தன் பயிர் அழுகிய மனக்கஷ்டத்திலும், கடைமடை ஆட்களைத் திரட்டிவந்து மூன்று நாளும் நம் வீட்டுக்குச் சோறாக்கிய செல்விக்கு நன்றி. கேதம் கேட்க வந்தபோது அப்பாவின் காலடியில் ஷட்டர் சாவியை வைத்துக் கும்பிட்டு எடுத்துப்போன புது லஸ்கருக்கு நன்றி. பாடையின் முன்பக்கத்தைத் தூக்கிய சித்தப்பாவுக்கு நன்றி கிடையாது. உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நீங்கள் அவரை வெளியே தள்ளி நிறுத்தினீர்கள், நான் உள்ளே வைத்துப் பூட்டினேன். மறுபடி ஒருமுறை அவரைக் கூப்பிட இந்த ஊருக்கு வாய்த்தது அந்த ஒரு காலைதான். செல்வி, என்னை எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வடிகாலில் அதே மாதிரி ஷட்டர்தான் மறுபடி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மழைக்காலத்தில் அதுவும் இறுகும். இறுகினால் மேலே தூக்கிப் பலம் காட்டாதீர்கள். முதலில் கீழே ஒரு சுற்று இறக்குங்கள், பிறகு தூக்குங்கள். சித்தப்பா, இதை உங்களிடம் சொல்லச் சொல்லி அப்பா என்னிடம்தான் சொன்னார். இப்போதுதான் சொல்கிறேன்.