கதவைத் திறப்பதில்லை என்றொரு தீர்மானம்

மர்வின் பெர்கோவைப் போல ஒரு பிடிவாதக்காரனை டெட்ராய்ட் வட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. குழாய்ச் சாமான் கடை வைத்துப் பிழைத்தவன். வயதானதும் கடையை விற்றுவிட்டு, எங்கள் சங்கத்தில் கடவுளை ஒழிக்கும் வேலையை முழுநேரமாக எடுத்துக்கொண்டான்.

எங்களுடையது யூதர் சங்கம்தான், ஆனால் சாமி கிடையாது. பண்டிகை உண்டு, பாட்டு உண்டு, சாப்பாடு நிறையவே உண்டு. கடவுள் இல்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. அவர் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இல்லை என்பதில்தான் அடிதடி. பாவமன்னிப்பு நாளில் எங்களை நாங்களே மன்னித்துக்கொள்வோம். அந்த விஷயத்தில் எங்களைப் போலத் தாராள மனசுக்காரர்களைப் பார்க்கவே முடியாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பாஸ்கா விருந்தை மற்ற யூதர்கள் பண்டிகையின் முதல் ராத்திரியில் வைப்பார்கள். எங்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஹால் காலியோ அன்றுதான் பாஸ்கா.

விருந்தில் வாசிக்கும் புத்தகத்தைத் திருத்துவது மர்வினின் வேலை. 'ஆண்டவர்' என்று வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. செங்கடலைப் பிளந்தது யார் என்ற கேள்விக்குக் 'காற்று' என்று பதில் எழுதிய மகானுபாவன் அவன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பென்சில் எலியா தீர்க்கதரிசியிடம் வந்து நின்றது. விருந்தின் நடுவில் அவருக்கென்று ஒரு கிண்ணம் திராட்சரசம் ஊற்றி, அவர் உள்ளே வரட்டும் என்று வாசற்கதவைத் திறந்து வைப்பது வழக்கம்.

"வராதவனுக்கு எதுக்குய்யா கதவைத் திறந்து குளிரை உள்ள விடணும்?" என்றான் கூட்டத்தில்.

"சின்னப் பசங்களுக்கு அது பிடிக்கும், மர்வின்," என்றார் லோவல். எங்கள் தலைவர். கிதார் வாசிப்பார். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார், அதனால் ஒன்றுக்கும் உதவ மாட்டார்.

"பொய் கேட்டு வளர்ற பசங்க எங்க போய் முடிவாங்கன்னு எனக்குத் தெரியும்."

யாரைச் சொல்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அவனுடைய ஒரே மகள் ராபின். எங்கள் ஞாயிறு வகுப்பில் வளர்ந்தவள், கல்லூரிக்குப் போன இடத்தில் ஆசாரமான யூத பக்தர்களோடு சேர்ந்துவிட்டாள். நியூயார்க்கில் கல்யாணம், கட்டிக்கொண்டவள் சொந்த முடியைக் காட்டக் கூடாதென்று தலையில் டோப்பா, பெயர்கூட ரிவ்கா என்று மாறிப்போனது. அம்மா செத்த அடுத்த வசந்தத்தில் அப்பனைப் பார்க்க வந்தாள். நம் வீட்டுச் சமையல் அவர்கள் ஆசாரத்துக்கு ஆகாதே! சாப்பாட்டைப் பொட்டலமாகவும், அதை வைத்துத் தின்னக் காகிதத் தட்டையும் கையோடு கொண்டுவந்தாள். மர்வின் அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்தான். "உங்கம்மா சாப்பிட்ட தட்டு உனக்குத் தீட்டாடி?" என்று அவன் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. அன்றைக்குப் போனவள்தான். எட்டு வருஷமாக அவள் போன் செய்வதும், இவன் எடுக்காமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நடக்கிறது.

கதவைத் திறப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவள் நான் ஒருத்திதான். எலியா மேல் பக்தியால் அல்ல, சொன்னவன் மர்வின் என்பதால்.

இந்த வருஷம் பாஸ்காவுக்கு முன்னால் ரிவ்கா என்னைக் கூப்பிட்டாள்.

"பெர்னிஸ் ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன். அப்பாவைப் பாக்கணும். வீட்டுக்குப் போனா கதவைத் திறக்க மாட்டார்."

"ஹாலுக்கு வாடி. அங்கயும் திறக்கக் கூடாதுன்னுதான் சட்டம் போட்டிருக்கார் உங்கப்பா. இருந்தாலும் வா."

மர்வினிடம் அதை மறைத்தேன். ஆழம் மட்டும் பார்த்தேன். "ஒருவேளை உன் பொண்ணு வந்து நின்னா?"

"ராபினா வந்தா உக்காரலாம். ரிவ்கான்னு எவளையும் எனக்குத் தெரியாது."

கல்லுளிமங்கன்!

ஞாயிறன்று லோவல் கிதாரோடு நின்றார். புளித்த மாவுப் பண்டமே ஆகாத பண்டிகைக்கு ஒரு புண்ணியவதி மூன்றடுக்கு கேக் கொண்டுவந்திருந்தாள். அதையும் கைதட்டி வாங்கி வைத்தோம். எலியா பக்கம் வந்தது. முழுக்கச் சிவப்புக் கோடு.

"அடுத்த பக்கம்," என்றான் மர்வின்.

கதவு தட்டப்பட்டது.

"எலியா!" என்று ஒரு வாண்டு கத்தியது.

"இல்லாத ஆள் கதவைத் தட்ட மாட்டான்," என்றான் மர்வின்.

"அப்ப இருக்கற ஆள்தான் தட்டுது. எழுந்து போய்த் திற," என்றேன்.

முனகிக்கொண்டே போய்த் திறந்தான். ரிவ்கா நின்றாள். நீளப் பாவாடை, டோப்பா, வெறுங்கை.

"அப்பா, நான் சாப்பிட வரல. தட்டு எதுவும் கொண்டுவரல. உங்களைப் பாத்துட்டுப் போயிடறேன்."

மர்வின் அவளை ஒதுக்கிக்கொண்டு, கோட்டுகூட இல்லாமல், கார்கள் நிற்கும் பக்கம் ஓடினான். பெற்ற மகளைக் கண்டு ஓடுகிறானே கோழைப் பயல் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ரிவ்கா முகம் செத்துப்போனது. திரும்பிப் போக எத்தனித்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டிக்கி மூடும் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க வந்தவன் கையில் ஒரு பை. அதிலிருந்து உறை பிரிக்காத காகிதத் தட்டுகளை எடுத்தான். புளிக்காத அப்பப் பெட்டி ஒன்றையும் எடுத்தான், அதுவும் பிரிக்காதது, மேலே ஆசாரத்துக்கு ஆகும் என்று குருமார் போட்ட முத்திரை. மேசையின் ஒரு மூலையில் இருந்த எங்கள் பாத்திரங்களையெல்லாம் முழங்கையால் தள்ளினான்.

"உங்க ஆளுங்க கடையிலதான் வாங்கினேன். முத்திரையப் பாத்துக்க. யாரும் தொடல."

"மர்வின், கதவு திறந்தே கிடக்கு. சாத்தவா?" என்றார் லோவல்.

"சும்மா இருய்யா."

ரிவ்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அச்சிட்டிருந்த வருஷத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பா, இது போன வருஷத்துது."

"அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன்," என்றான் மர்வின். "இரு, ரிவ்கா. இந்த வருஷத்துது டிக்கியில கிடக்கு."