இடது பையில் சென்னாக்குன்னி

நேற்று வீட்டில் ஒரே ரகளை. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கிற கைத்தராசு ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தான். அரைக் கிலோ கூடுதல். அவன் அம்மா நாலு கவர் போட்டுச் சுற்றி வைத்திருந்த சென்னாக்குன்னிப் பொட்டலத்தைத்தான் முதலில் வெளியே எடுத்தான். "ஏர்போர்ட்டே நாறும்மா" என்றான். நாலு கவரையும் தாண்டி அந்தப் பொடி இறால் வாசனை வரத்தான் செய்தது. எனக்கு அருளப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

அருள் முத்துப்பேட்டைக்காரன். நான் வலங்கைமான் பக்கம். எங்கள் வயதுப் பையன்களெல்லாம் சவுதிக்கும் துபாய்க்கும் விமானம் ஏறிய வருஷங்களில் நாங்கள் இருவரும் பட்டாளத்துக்கு ரயில் ஏறினோம். வாய்க்கால் கரையைத் தவிர வேறு மேட்டைக் கண்டிராத ஆளை மலைச் சண்டைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். நெல் மூட்டை தூக்கியவன் என்று பீற்றிக்கொண்ட நான் முதல் நாளே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

என்னதான் சுமந்தோம்? துப்பாக்கி கையில். முதுகில் தோட்டா, கையெறி குண்டு, பள்ளம் தோண்டச் சின்ன மண்வெட்டி, தரையில் விரிக்கிற ரப்பர் துணி, கம்பளிக் காலுறை, தண்ணீர், காய்ந்த பூரி. ஏறுவதற்கு முன் ஹவில்தார் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப் பார்த்தார்.

"பூரியப் பாதி எடுத்துட்டுத் தோட்டாவ வைங்க. மேல போயி பூரியாலயா சுடப் போறீங்க?"

எடுத்து வைத்தோம். பசிக்கிற வயசு, வயிறு எரிந்தது.

ஒன்றை மட்டும் எடுக்கவே கூடாது. சட்டையின் இடது பையில் காயக்கட்டு. சோப்புக்கட்டி அளவுப் பொட்டலம், உள்ளே பஞ்சும் துணியும், ஆளுக்கு ஒன்றுதான். அடிபட்டவனுக்கு அவன் பையில் இருப்பதைத்தான் கட்ட வேண்டும். உன்னுடையது உனக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்போம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அருளின் தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவன் இடது பையில் கையை விட்டேன். பஞ்சு இல்லை. காகிதம் நொறுநொறுவென்றது. வறுத்த சென்னாக்குன்னி! அந்தக் குளிரில், அந்தப் பாறையில், முத்துப்பேட்டை அடுப்படி வாசனை.

"பஞ்சு எங்கடா?"

"கோச்சுக்காத மாப்ள. எடம் பத்தல. அம்மா வறுத்துக் குடுத்துச்சு."

கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. என் கை என் பைக்குப் போனது, பொத்தானில் நின்றது. இதைக் கொடுத்துவிட்டால் எனக்கு? இன்னும் ஏற வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. அருள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் கால்சட்டையை நனைத்துக் கல்லில் இறங்கியது. அப்புறம்தான் பொத்தானைக் கழற்றினேன். கட்டினேன்.

அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது, "பொட்டலத்த நீ வச்சுக்க" என்றான். காலியான பையில் அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். அப்படிப் பயந்தது வாழ்நாளில் இல்லை. பூரி தீர்ந்த அன்று நாலு பேர் ஆளுக்கொரு சிட்டிகையாக அதைத் தின்றோம். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே நானும் தின்றேன்.

இருந்தான். மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால், "எனக்கு மிச்சம் வச்சியாடா?" என்கிறான், படுபாவி.

பிறகு இருபது வருஷத்துக்கு மேல், காலை இழுத்து இழுத்து நடந்தபடி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வரும்போதெல்லாம் மண் இல்லாமல் புடைத்த சென்னாக்குன்னி ஒரு பை. "தன் காயக்கட்ட யோசிக்காம எனக்குக் குடுத்த ஆளு இவன்" என்று என் மனைவியிடம் சொல்வான். யோசிக்காமலாம்! எனக்குச் சோறு இறங்காது. அடுத்த தடவை வந்தால் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

போன கோடையில் அவன் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

மகன் வெளியே எடுத்து வைத்த பொட்டலம் கடையில் வாங்கியது. சோற்றில் போட்டுப் பார்த்தேன், நறநறவென்று மண். என் கை பொத்தானில் நின்றதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். இனி யாரிடம் போய்ச் சொல்ல?