யப்பான் குறுவாளும் என் புளித் தண்ணீரும்

தட்டாரத் தொழிலில் கை கறுத்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். செய்து கொடுத்த நகை கறுத்தால் தட்டான் கள்ளன் என்று அர்த்தம். உமியையும் கரியையும் ஊதி ஊதிக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துக்கொண்ட என் சக பத்தர்மாருக்கு நான் சொல்லப் போவது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கறுத்த தோடு

யப்பான் யுத்தம் முடிந்த கையோடு, வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைப் போடியார் ஒருவர் புளியந்தீவில் இருந்த என் கடைக்கு வந்தார். வயலும் மாடும் நிறைய உள்ள மனிதர். மகளுக்கு நான் செய்து கொடுத்த தோடு கறுத்துவிட்டதாம். அடுப்புப் புகையிலும் வேர்வையிலும் கிடந்தால் எந்தத் தோடும் மங்கும். அதைச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி, நான் செம்பைக் கூட்டிவிட்டேன் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோட்டைப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பூவந்திக்கொட்டை நுரையில் தேய்த்து, புதிதுபோல ஆக்கி அவர் கையில் வைத்தேன். இனி வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செம்பத் தேய்ச்சாலும் மினுங்கும்தானே பத்தர்."

பாயில் வந்த வாள்

கறுத்த பொருள் ஒன்றும் இனி என் கடைப்படி தாண்டி வெளியே போகாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அடுத்த மாதம் ரீச்சர் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அதற்கு முன் மலாயாவில் குடும்பம் நடத்தியவர். தாயின் சாவுக்கென்று ஊருக்கு வந்த இடத்தில் யுத்தம் தொடங்கி, கப்பல் நின்றுவிட்டது. ரயில் கிளாக்கரான புருசனும் ஆறு வயது மகளும் அங்கே. புருசனை யப்பான்காரர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. மகளைப் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வளர்த்தது. அந்த வீட்டில் தங்கியிருந்த யப்பான் அதிகாரி விட்டுப்போன குறுவாளை, புருசனின் கூட்டாளி ஒருவர் பாயில் சுருட்டிக் கொண்டுவந்து ரீச்சரிடம் சேர்த்திருந்தார்.

முழங்கை நீளம் இருக்கும். பிடியில் திருக்கைத் தோல், அதன்மேல் பட்டு நாடா. கைக்குக் காவலாக வட்டத் தகடு. தகடும் பிடியின் இரண்டு பூண்களும் காக்கைக் கறுப்பு. அந்தக் கறுப்பில் நாணல் இலைகளும், அவற்றுக்குள் பொன்னில் இழைத்த குட்டி நண்டுகளும். நண்டின் கால் மயிர்கூடத் தெரிந்தது. நான் ஏழு பிறப்பெடுத்தாலும் அந்த வேலை வராது. இப்படியான பழைய ஆயுதங்களை நீர்ப்பாசன இன்சினியர் துரை ஆசைப்பட்டு வாங்குவாராம். அவர் வாங்கினால் ரீச்சர் மலாயாவுக்குக் கப்பலேறி மகளைக் கூட்டி வரலாம். தகடு கொஞ்சம் ஆடியது. ரீச்சர் அதைத் தொட்டுக் காட்டினார்: "இந்த ஆட்டத்த மட்டும் நிப்பாட்டித் தாங்க பத்தர், வேற ஒண்டும் வேணாம்."

நண்டு குளித்தது

பிடியில் இருந்த மூங்கில் ஆணியைத் தட்டினேன், பிடி கழன்றது. தகட்டுக்குக் கீழே மெல்லிய செப்பு வளையம் ஒன்றைக் கொடுத்தேன், ஆட்டம் நின்றது. அரை மணி நேர வேலை. அதோடு நான் கையைக் கழுவியிருக்க வேண்டும்.

கறுப்பு என்னை விடவில்லை. தகட்டு விளிம்பை உரைகல்லில் உரசினேன். செம்பு, அதற்குள் கொஞ்சம் பொன். பொன் கலந்தது கறுத்திருக்கிறது, பாவம் அந்த யப்பான் தட்டானையும் ஒரு போடியார் ஏசியிருப்பார் என்று நினைத்தேன். மனுசிக்கு ஓர் உபகாரமாக இருக்கட்டும் என்று மூன்றையும் புளியில் போட்டுத் தேய்த்தேன். கறுப்புக் கழன்று, புதுச் செப்புக்குடம்போலச் சிவந்து வந்தது. பிடிக்குள் மறைந்திருந்த வாளின் அடிப்பாகம் துருவேறிக் கிடந்தது. அதில் ஏதோ கீறல்கள். அதையும் செங்கல் தூளால் மினுக்கினேன். பட்டறையில் எனக்குத் துணையாக இருந்த மச்சான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதக் கண்டா யப்பான்காரன் திரும்பி வந்து கேப்பான்."

துரையின் வெராந்தா

விலை படியும் சந்தோசத்தைப் பார்க்க நானும் ரீச்சரோடு போனேன். வாவிக்கரை பங்களா. துரை வாளை வாங்கினார், தகட்டைப் பார்த்தார், தானே ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினார். முகம் மாறிவிட்டது. துணியில் சுற்றி ரீச்சரிடமே கொடுத்துவிட்டு, இங்கிலீசில் என்னவோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

ரீச்சருக்கு இங்கிலீசு தெரியும். அவர் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். எனக்காகத் துரையின் கிளாக்கர்தான் எடுத்துச் சொன்னார். அந்தக் கீறல்கள் வாளடித்தவனின் பேராம். துருவைப் பார்த்துத்தான் வயது மதிப்பார்களாம். பாதிப் பேரை நான் தேய்த்துவிட்டேனாம். தகட்டைப் பற்றிக் கேட்டேன். கிளாக்கர் தலையைச் சொறிந்தார்: "அந்தக் கறுப்பு வரட்டும் எண்டுதான் செம்புக்க பொன்னப் போடுறவங்களாம். நீங்க அத வேல மினக்கெட்டுக் கழட்டியிருக்கீங்களாம்."

அடுத்த கப்பல்

கறுப்பைத் திரும்ப வரவைக்கக் கந்தகப் புகை காட்டிப் பார்த்தேன். தேமல் விழுந்ததுபோல் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. என் பெண்சாதியின் காப்பை விற்றுத் தருகிறேன் என்று ரீச்சரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

ரீச்சர் தாய்வழி வந்த தென்னங்காணியை விற்றுக் கப்பலேற எட்டு மாதம் ஆனது. போனவர் தனியாகத் திரும்பி வந்தார். பிள்ளை தன்னை வளர்த்த சீனத்தியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றதாம். தமிழ் பாதிக்கு மேல் மறந்துவிட்டதாம். கடைக்கு வந்து இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். என்னை ஒரு சொல் ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறியிருக்கும். எழும்பிப் போகும்போது சொன்னார்: "நான் வாளக் கொண்டந்த நேரம் 'கெதியா வாங்கம்மா' எண்டு கடிதம் எழுதினவள் பத்தர். எட்டு மாசமாப் பாத்துப் பாத்து, நான் வரமாட்டன் எண்டு நினைச்சிட்டாள்."

இப்போதெல்லாம் சொன்ன வேலையை மட்டும் செய்து மற்றதை அழுக்கோடு அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். ஊரில் சோம்பேறிப் பத்தர் என்கிறார்கள், அந்தப் பேராவது தேயாமல் இருக்கட்டும்.