நாலாவது கட்டம்

அந்த மொழிப் பயிற்சி நிலையத்தில் அவளை எல்லாரும் நிமிஷக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை தேடி வந்தவர்கள் புது ஊரின் மொழியைக் கற்க அங்கே வருவார்கள். அவர்களுக்கான பாடத்திட்டம் பின்னறையில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜையில், இவள் கையால் உருவாகும். தாளில் நாலு கட்டங்கள்: எத்தனை நிமிஷம், ஆசிரியர் என்ன செய்வார், என்ன கேட்பார், மாணவர்கள் என்ன சொல்வார்கள்.

நாலாவது கட்டம்தான் அவளை வாட்டியது. பதினோரு வருஷமாக மாணவர்கள் சொல்லப்போவதை எழுதுகிறாள். ஒருவர் சொல்லியும் காதால் கேட்டதில்லை. வகுப்புகள் மாடியில் நடந்தன. இவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை முதல்வரிடம் போய், "ஒரே ஒரு வகுப்பு குடுங்க சார்" என்று கேட்பாள்.

"வகுப்பெடுக்க ஆள் கிடைப்பாங்கம்மா. உன்ன மாதிரி திட்டம் போட யாரு கிடைப்பா?" என்பார் அவர். பாராட்டைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு திரும்புவாள்.

வீட்டில் கணவரும் கேலி பண்ணாமல் விடமாட்டார். "நான் என்ன சொல்வேன்னு உனக்குத்தான் தெரியுமே. கட்டத்துல எழுதிக்கோ, நான் பேப்பர் படிக்கறேன்."

ஒரு மழை நாளில் மாலை வகுப்பு ஆசிரியன் அவளைத் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, பஸ் நடு ரோட்டுல படுத்துடுச்சு. கொஞ்ச நேரம் சமாளிங்க, ஓடி வந்துடறேன்."

முதல்வர் ஊரில் இல்லை. ஏழாம் பாடத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அறையில் பதினாலு பேர் இருந்தார்கள். தாளைப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?"

முன்வரிசையில் இருந்த நர்ஸ், "என் வீட்டில் நாலு பேர் இருக்கிறோம்" என்றாள். கட்டத்தில் எழுதியிருந்தது அப்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல். நிமிஷக்காவுக்குச் சப்பென்றாகிவிட்டது.

கடைசி வரிசையில் தையல்காரர். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். வெகுநேரம் வார்த்தை தேடினார்.

"என் வீட்ல... எல்லாரும் இருக்காங்க. நான் மட்டும் இல்ல."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "நானும் அப்படித்தான்," என்றாள் மெல்ல. "நாலு பேர்னு சும்மா சொன்னேன்."

பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தெரியாத சொல்லுக்குக் கையைக் காட்டினார்கள், படம் வரைந்தார்கள். ஆசிரியன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றபோது இருபது நிமிஷம் ஓடியிருந்தது.

"மூணு நிமிஷம்னு போட்டுட்டு இன்னும் முதல் கேள்வியிலேயே நிக்கறீங்களாக்கா? இதுக்கு உங்ககிட்ட நான் எத்தன திட்டு வாங்கியிருப்பேன்!"

அவளும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். ஆனால் பின்னறையில் உட்கார்ந்ததும் மாடிச் சத்தத்துக்கே காது போயிற்று. நாற்காலி இழுபடுவது மட்டும் கேட்டது.

எட்டாம் பாடத்தில் நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டாள். 'அவர்கள் சொன்னதை எழுதிப் பின்னறைக்கு அனுப்பவும்' என்று அடியில் குறிப்பு வைத்தாள். மற்ற வகுப்புத் தாள்கள் காலியாகவே திரும்பின. மாலை வகுப்புத் தாள் வெள்ளிக்கிழமை வந்தது. கட்டம் நிறைய ஆசிரியனின் கிறுக்கல். அதற்குக் கீழே வேறு கையெழுத்து, கோட்டைத் தாண்டிச் சரிந்து சரிந்து போனது. ஓரத்தில் சின்னதாக ஓர் அளவு நாடா வரைந்திருந்தது.

'அக்கா மறுபடி எப்போ வருவாங்க?'

இரண்டு முறை படித்தாள். தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு நடந்தாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாகிவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.