ஏலவாசம் வீசிய துண்டறிக்கை

மாஷை நினைக்கும்போதெல்லாம் அவருடைய வலக்கைதான் முதலில் கண்முன் வருகிறது. துப்பாக்கிக் கட்டையால் நசுக்கப்பட்ட ஐந்து விரல்களும் உளுந்துமாவும் முட்டையும் குழைத்துப் போட்ட கட்டுக்குள் கிடந்தன. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்நாட்டு வழக்கப்படி நாங்களும் அவரை மாஷ் என்றே அழைத்தோம். அங்கே கடலோர ஊரொன்றின் சந்தைத் திடலில் உரிமை கேட்டு அமர்ந்திருந்தவர்களைச் சமஸ்தானப் போலீஸ் சுட்டுக் கொன்றதை நேரில் கண்டவர். லாக்கப்பில் வதைபட்டு, தப்பி, மலைப்பாதையில் அடிவாரத்து லோயர் கேம்ப்பில் இறங்கி, வெள்ளையர் ஆட்சிக்குட்பட்ட கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் தந்தையிடம் அடைக்கலமானார்.

விரல்கள் வழங்காத அவர் சொல்லச் சொல்ல, காய் தரம் பிரிக்கும் அறையில் அமர்ந்து என் தாய் எழுதினார். சிறுமியாகிய நான் காய் பொறுக்கியபடி கேட்டிருப்பேன். இறந்தவர்களின் பெயர்களை மட்டும் மாஷ் இருமுறை சொல்வார். குண்டு துளைத்த கழுத்தைத் தோள்துண்டால் அடைத்துக்கொண்டே செத்துப்போன மீன்காரியின் பெயர் வந்தபோது அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

அந்த வாரம்தான் வெள்ளை அதிகாரியிடமிருந்து ஆள் வந்தது. சமஸ்தானத்துக்கு எதிராக எதையும் அச்சிடுவதில்லை என்று கையொப்பமிட்டால் மாஷ் இங்கேயே இருக்கலாம். மீறினால் எல்லையில் ஒப்படைத்துவிடுவார்கள்.

"கையத்தான் ஒடிச்சுப் போட்டாகளே, இப்பக் கையெழுத்து வேற கேக்குறாகளாக்கும்!" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "பேசாம எடது பெருவெரல உருட்டிட்டு இங்கனயே இருங்க, மாஷே. உசுரு கெடந்தா பெறகு எழுதிக்கிரலாம்."

மாஷ் வாழ ஆசைப்பட்டார். அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையசைத்து மறுத்தார். "அங்க யாரும் சாகவே இல்லைன்னு பறை அடிக்கிறாங்க, முதலாளி. நான் ஒப்புப் போட்டா அது சத்தியமாயிடும்."

துண்டறிக்கை அச்சானது. தோட்டங்களுக்குத் திரும்பும் காலிச் சாக்குகளுக்குள் அதைத் திணித்து அப்பா மலையேற்றினார். ஆண்டுக்கணக்கில் ஏலம் ஊறிய அந்தச் சாக்குகளின் மணம் எங்கள் மூக்குகளுக்கு எப்போதோ மரத்துப் போயிருந்தது. தோட்டங்களிலிருந்து கைமாறிப் போய் அந்தக் கடலோர ஊரில் சுவரில் ஒட்டப்பட்ட தாளை முகர்ந்த போலீஸ்காரனுக்கோ வழி தெரிந்துவிட்டது.

சமஸ்தானம் சொல்லி அனுப்ப, வெள்ளை அதிகாரியின் போலீசார் வந்து எங்கள் கடையை நொறுக்கினார்கள். அப்பாவின் முன்பற்கள் உடைந்து விழுந்தபோது, மாஷ் உள்ளறையிலிருந்து தாமாகவே வெளியே வந்து நின்றார்.

நண்பகலில் அவரை ஒப்படைத்தார்கள். எல்லையைத் தாண்டியதுமே சமஸ்தானப் போலீஸின் முதல் அடி விழுந்தது. மாஷ் மீன்காரியின் பெயரைக் கூவினார். அடுத்த அடிக்கு அடுத்த பெயர். வாயில் ரத்தம் நிறைந்து சொல் குழறும்வரை அது நிற்கவில்லை. இப்பால் நின்று கேட்டவர்கள் அன்று மாலையே கம்பம் சந்தையில் அப்பெயர்களைச் சொன்னார்கள்.

இன்று பேருந்துகள் தடையின்றி அந்த எல்லையைக் கடக்கின்றன. சுதந்திரம் வந்தபின் அப்பா மறுபுறம் சென்று தேடினார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மாஷ் என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. அடி தாங்காமல் நாங்கள் உளறிவிடக் கூடாதென்று மாஷ் தம் பெயரை மட்டும் எங்களிடம் சொன்னதே இல்லை.