என் குரல் கீழே இறங்கிய பிறகு

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில், தொலைபேசியில் பேசிய ஒருவர் என்னை "சார்" என்றார். பர் துபாயில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க லாரிக்காரர்களோடு இந்தியில் பேசியாக வேண்டும். அதுவரை "மேடம், மேடம்" என்று இழுத்தடித்தவர்கள் "பாய் சாப்" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். வேலை சீக்கிரம் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குரல் நரம்பு ஒன்று அடிபட்டிருக்கலாம், குரல் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வரவில்லை. இருந்த குரல் போய், அடித்தொண்டையிலிருந்து கரகரப்பாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பல வருடங்களாகக் கடவுள் வாழ்த்து பாடியது நான்தான். அந்த வருடம் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். அவரும் திருச்சிக்காரர், என்னை அக்கா என்பார். காபி குடித்து முடிக்கும்வரை டிராஃபிக்கைப் பற்றிப் பேசிவிட்டு, "இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. பிள்ளைங்க பாட்டுப் போட்டிக்கு ஜட்ஜா உக்காருங்க" என்றார். குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் போன பிறகு என் கணவர், நல்ல மனசோடதானே சொல்றார் என்றார். அந்த நல்ல மனசுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நான் பாட்டு கேட்கக் கற்றுக்கொண்டது துபாய் வருவதற்கு முன், சவூதியில், தம்மாமில். கல்யாணமாகிப் போன புதிது. கணவர் டியூட்டிக்குப் போய்விட்டால் மாலைவரை அந்த ஃபிளாட்டில் நானும் ஏசியின் சத்தமும்தான். அவருடைய கம்பெனியில் இருந்த ஓர் அமெரிக்க இன்ஜினியர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு வந்தது ஓர் இஸ்திரி மேஜையும் சில கேசட்டுகளும். ஒரு கேசட்டின் அட்டையில் ஒரே நிற கோட்டு சூட்டில் ஐந்து கறுப்பின ஆண்கள் ஒரே கோணத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சிரிப்பாக இருந்தது. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது போட்டுவிட்டேன்.

முதலில் எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்டது. வார்த்தை பாதி புரியவில்லை. தினமும் போட்டுப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒருவர் காதலியிடம் கெஞ்சுகிறார். அவர் குரல் தழுதழுக்கும் இடத்தில் இரண்டு பேர் நடுவில் வந்து முட்டுக்கொடுக்கிறார்கள். இன்னொருவர் மேலே, பெண்ணென்றே நினைக்க வைக்கும் மெல்லிய குரலில் மிதக்கிறார். எல்லோருக்கும் அடியில் ஐந்தாமவர். அவருக்குப் பாதி நேரம் சொல்லே கிடையாது, டும் டும் என்று தரையில் நடக்கிற மாதிரி ஒரு சத்தம்தான். அவர் நிறுத்திய இடத்தில் மற்ற நால்வரும் அந்தரத்தில் தொங்குவார்கள்.

எங்கள் ஊரில் பாட்டு என்றால் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் அவருக்காக இருப்பார்கள். இவர்களிடம் அப்படி இல்லை. கெஞ்சுகிறவரின் துக்கத்தை ஐந்து பேரும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள், அதுவும் நன்றாக உடுத்திக்கொண்டு, காலைத் தாளத்துக்கு நகர்த்திக்கொண்டு. அழுகிறவன் தலை கலைந்துதான் இருக்க வேண்டுமா என்ன? அந்தத் தனிமையில் எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

செயலாளர் வந்துபோன மறுநாள், அந்தப் பாட்டுகளில் ஒன்றைப் போனில் தேடிப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் முனகினேன். என் சத்தம் நேராக ஐந்தாமவரின் மேல் போய் விழுந்தது. கொஞ்சமும் பிசகவில்லை. குழாயை மூடிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பாடினேன். அத்தனை வருடம் கேட்டதில் அவருடைய ஒவ்வொரு அடியும் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் லாத்தா கதவைத் தட்டினார். கீழக்கரைக்காரர், மீனா பஜாரில் கணவரோடு துணிக்கடை நடத்துகிறார். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர்கள் ஊர் வழக்கப்படி லாத்தா என்றே கூப்பிடுவேன். உள்ளே வந்து போனைக் காட்டி, "மேல பாடுறது ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டார்.

ஆண்தான் என்றேன்.

"அவரப் போயி யாராச்சும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாகளா?"

செயலாளர் வந்துபோன விஷயம் அவருக்கு முன்பே தெரியும். ஆண் பெண்ணாகப் பாடினால் அவர் மேதை, பெண் ஆணாகப் பாடினால் அவள் நோயாளி. அது அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. லாத்தா அதோடு விடவில்லை. அந்த மேல் குரலை நின்ற இடத்திலேயே பாடிக் காட்டினார். பால் கொதித்து மேலே வருகிற மாதிரி வந்தது குரல். இத்தனை வருடம் எதிர் வீட்டில் இருந்தும் அவர் பாடி நான் கேட்டதேயில்லை.

நடுக்குரலுக்கு ஷார்ஜா பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் கிடைத்தார். சங்கத்தில் பழக்கமானவர், தேவாலயத்தில் சேர்ந்து பாடிப் பழகியவர். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் கூடினோம். டீச்சர் எங்களுக்குக் கைதட்டக் கற்றுக்கொடுத்தார். நான்கு எண்ணிக்கையில் நாம் முதல் தட்டில் தட்டுவோம், இந்தப் பாட்டில் இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும். லாத்தாவுக்கு உடனே பிடிபட்டது. என் கை பல வாரம் கேட்கவில்லை.

நான் என் குரலுக்காக மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஏதோ சொல்ல, டீச்சர் கோபித்துக்கொண்டார். "உங்கட சத்தத்தில ஏறி நிண்டுகொண்டுதான் நாங்கள் பாடுறம். நீங்கள் குறைச்சால் நாங்கள் விழுந்திடுவம்" என்றார். அதன் பிறகு நான் குறைக்கவில்லை.

பாட்டு உருவானதும் செயலாளருக்குப் போன் செய்து விழாவில் பாட இடம் கேட்டேன். அவர் தயங்கினார். தமிழ் விழாவில் ஆங்கிலப் பாட்டு வேண்டாமே என்றார். போன வருடம் இந்திப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்களே என்று கேட்டேன். அது குழந்தைங்க ஆடினது அக்கா, வேற விஷயம் என்றார்.

"அப்ப மொழி இல்ல தம்பி. என் வயசா, என் குரலா, எது இடிக்குது?"

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பதில் வரவில்லை. நமக்கு மேடை எதற்கு என்று லாத்தா கேட்டார். யோசித்துப் பார்த்தால் சரிதான். இந்தப் பாட்டுக்கு மைக் வேண்டாம், டிராக் வேண்டாம், மனிதர்கள் போதும்.

விழா நாளில் மூவரும் ஒரே மாம்பழ நிறத்தில் உடுத்திப் போனோம். நானும் டீச்சரும் புடவை, லாத்தா அதே நிறத் தலைத்துணியும் நீள அங்கியும். துணி அவர் கடையிலிருந்து வந்தது. நான் ஜட்ஜ் நாற்காலியில் உட்காரவில்லை. மதியம் மேடையை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றபோது, பாயசம் ஊற்றும் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். டீச்சர் விரலைச் சொடுக்கினார். நான் அடியிலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் யார் பாடுவது என்று ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லாத்தாவின் குரல் மேலே ஏறிய இடத்தில் கரண்டிச் சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கைதட்ட ஆரம்பித்ததுதான் ஆபத்தாகிவிட்டது. எல்லோரும் முதல் தட்டில் தட்டினார்கள், என் கணவர்தான் அதில் பலமாகத் தட்டினார். நாங்கள் தடுமாறினோம். டீச்சர் கண்ணால் முறைத்தார். நான் சத்தத்தை இன்னும் கனமாக்கித் தரையைப் பிடித்துக்கொண்டேன், மற்ற இருவரும் என்மேல் வந்து சேர்ந்தார்கள். முடிக்க வேண்டிய இடத்தில் மூவரும் ஒன்றாக முடித்தோம்.

செயலாளர் கையில் தட்டோடு வந்தார். நல்லாத்தான் இருந்தது, அடுத்த வருஷம் மேடையிலேயே வையுங்கள், ஆனால் தமிழ்ப் பாட்டாக இருக்கட்டும் என்றார். தமிழிலும் பாடுவேன், கடவுள் வாழ்த்தும் இதே குரலில்தான் வரும், சம்மதமானால் சொல்லுங்கள் என்றேன். அவர் இன்னும் சொல்லவில்லை. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது. அந்த அம்மாவுக்குக் குரல் சரியாக வைத்தியம் ஏதும் இல்லையா என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார். என் மகள் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பதில் போட்டாள். அதை இங்கே எழுத முடியாது.

இப்போது ஒரு மெதுவான பாட்டை எடுத்திருக்கிறோம். அது கடினம், மூச்சுப் போதவில்லை. போன சனிக்கிழமை கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் நாத்தூர் மேலே வந்து, கீழ் ஃபிளாட்டில் சத்தம் என்கிறார்கள், பாட்டு கலாஸ், போதும் என்றார். இருட்டும்வரை பாடுவோம், பிறகு நிறுத்திக்கொள்வோம் என்று இந்தியில் சொன்னேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார், பேசிய ஆணைத் தேடினார் போலிருக்கிறது. "மைனே ஹி போலா, பாய்", பேசியது நான்தான், என்றேன். அவர் தலையாட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். கதவைச் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.