உறையில்லாத ஓரம்

நெரவியிலிருந்து பேருந்தில் வரும் எங்கள் உதவியாளர் மரியதாஸ், இன்று காலை பரிசோதனைக்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். "சேவியரண்ணன் விடியக்காலம் போயிட்டாருங்க, டாக்டரம்மா" என்றார். எதிர்பார்த்த செய்திதான்.

எழுபதுகளில் நான் நோய்க்குறியியல் மருத்துவராகக் காரைக்காலுக்கு வந்தபோது சேவியர் இங்கே மூத்த டெக்னீஷியன். அறுத்தெடுத்த கட்டிகளை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயமேற்றித் தருவார். தம் மீசையைவிட சீவும் கத்தியைத்தான் அதிகம் கவனிக்கிறார் என்று கேலி செய்வேன். நடுப்பகுதி மட்டும் போதும் என்றால் விடமாட்டார். "நடுவுல எல்லாம் சாதுவாத்தாங்க இருக்கும். ஓரத்தப் பாருங்க" என்பார்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த ஸ்லைடு அவருடையதே. அவர் காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில், நெல்லிக்காய் அளவில் வலியில்லாமல் இருந்த கட்டியை அறுவை மருத்துவர் தோண்டி எடுத்திருந்தார். நுண்ணோக்கியில் சுரப்பியின் உயிரணுக்கள், இடையிடையே குருத்தெலும்பு போன்ற நீலப் பரப்பு. கலப்புக் கட்டி, புற்று அல்ல. ஆனால் ஓரத்தில் ஓரிடத்தில், கட்டியை மூடியிருக்க வேண்டிய உறை இல்லை. அங்கே கட்டி விரல் நீட்டியதுபோல் வெளியே வந்து, பாதியில் அறுபட்டிருந்தது.

"மிச்சம் எனக்குள்ளதான் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு. திரும்ப முளைக்கும். சுரப்பியவே எடுத்துடணும், சேவியர்."

சுரப்பியின் ஊடே முகநரம்பு ஓடுகிறது. அது அறுபட்டால் முகம் கோணிவிடும். அவர் மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பாரீஸிலிருந்து வரவிருந்தார்கள்.

"வாயி கோணிக்கிட்டு கோயில்ல எப்புடிங்க நிக்கிறது? ரிப்போர்ட்டுல ஓரத்தப் பத்தி அந்த ஒரு வரிய எழுதாதீங்க. வீட்ல தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திப்புடுவாங்க. முடிஞ்சதும் நானே வந்து படுத்துக்குறேன்."

'சாதாரணக் கட்டி' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். அதைப் படித்த அறுவை மருத்துவரும் தையலைப் பிரித்து அனுப்பிவிட்டார்.

மகள் விமானம் ஏறினாள். அதன்பின் அவருக்கு ஒன்று மாற்றி ஒன்று காரணம் கிடைத்தது. நானும் நச்சரிப்பதை விட்டுவிட்டேன். அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏழெட்டு ஆண்டுகளில் பழைய தழும்புக்கடியில் உளுந்து உளுந்தாகப் பல முடிச்சுகள். புதுச்சேரியில் அறுத்தார்கள். நரம்பு போயிற்று; இடக்கண் மூடாமல் நின்றது. மறுபடி முளைத்தது. கடைசி ஸ்லைடில் அது புற்றாகவே மாறியிருந்தது.

படுக்கையில் கிடந்தபடி, "ஓரத்தப் பாத்தீங்களா?" என்று குழறலாகக் கேட்டார். புற்று எங்கும் பரவியிருந்தது; பார்க்க ஓரமே இல்லை.

"பாத்தேன், சேவியர்" என்றேன்.

இன்று மாலையில் அடக்கம் முடிந்தது. மகளால் வந்துசேர முடியவில்லை. திரும்பி வந்து அந்த முதல் ஸ்லைடைத் தேடி எடுத்தேன். சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. பழைய பதிவேட்டில், என் கையொப்பத்துக்கு மேலே இருந்த சிறு இடைவெளியில் எழுதினேன்: 'ஓரத்தில் உறை இல்லை. சுரப்பியை அகற்ற வேண்டும்.' இனி அது யாருக்கு?

போய் வாருங்கள், சேவியர். நீங்கள் ஓரத்தைச் சரியாகத்தான் வெட்டிக் கொடுத்தீர்கள்.